மார்பில் கட்டி, வலி, சீழ்: சேலம், ஏற்காடு பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் சேர்வராயன் மலை ஊர்களிலும் செவிலியராக வேலை பார்த்ததில், பெண்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்விகள் இவை. தறி வேலை, கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, காப்பித் தோட்டம் என்று பல இடங்களில் உழைப்பவர்கள், கல்லூரிப் பெண்கள், பச்சை உடம்புக்காரிகள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கூச்சத்தால் கேட்காமல் போனவர்களும் இதைப் படிக்கட்டும். மருத்துவர் நேரில் பார்ப்பதற்கு இது ஈடாகாது. எப்போது போக வேண்டும், போனால் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள உதவும்.

குளிக்கும்போது கையில் கட்டி தட்டுப்பட்டது, சிஸ்டர். புற்றுநோயாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. மார்பில் கட்டி என்று வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அது புற்றுநோய் இல்லாத கட்டிதான். வயது குறையக் குறைய, புற்றுநோய் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயத்தாலேயே பல பேர் மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் கட்டி அந்த எட்டில் ஒன்றா என்பதை வீட்டில் தடவிப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அனுபவமுள்ள டாக்டர்கூடக் கையால் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வதில்லை. இளம் வயதுப் பெண் என்றால் அடுத்த மாதவிலக்கு முடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம். அப்புறமும் கட்டி அப்படியே இருந்தால் காட்டிவிட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களும் மாதவிலக்கு நின்றவர்களும் அந்த ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வலியே இல்லை. வலித்தால்தானே ஆபத்து?

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. கல் மாதிரி கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், தள்ளினால் நகராமல் இருக்கும். வலி இல்லாததால் வேலையும் நிற்காது, ஆஸ்பத்திரி நினைப்பும் வராது. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். இத்தனை பேர் இறப்பதற்குப் பெரிய காரணம் தாமதமாக வருவது. முதல் நிலையிலேயே வந்து முழு சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

கட்டியைத் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. மார்புத் தோலில் ஓர் இடம் உள்ளே இழுத்த மாதிரி குழி விழுவது, தோல் தடித்து ஆரஞ்சுப் பழத் தோல் போல ஆவது, இத்தனை நாள் நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே போவது, ஒரு பக்கக் காம்பில் மட்டும் சொறி மாதிரி வந்து களிம்புக்கு ஆறாமல் இருப்பது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரத்திலேயே போங்கள். ஒரு மார்பு முழுவதும் சிவந்து, சூடாக வீங்கி, மருந்து சாப்பிட்டும் குறையவில்லை என்றால், பால் கொடுக்காத பெண்ணுக்கு அது புற்றுநோயின் ஒரு வகையாகவும் இருக்கலாம்.

மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறது. என்ன செய்வது?

ஹார்மோன் ஏறி இறங்குவதால் வருகிற வலி இது. 20 முதல் 45 வயது வரை மிகச் சாதாரணம். தொட்டால் சின்னச் சின்ன முடிச்சாகத் தட்டுப்படும், விலக்கு வந்ததும் குறைந்துவிடும். இப்படி மாதம் தவறாமல் வந்து போகிற வலி புற்றுநோயின் அடையாளம் கிடையாது.

நல்ல பிடிமானமுள்ள, அளவு சரியான பிரா பாதி வலியைக் குறைக்கும். கூடை சுமந்து சரிவில் ஏறி இறங்குகிற தோட்டத்துப் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். தளர்ந்துபோன பழையதைப் போட்டுக்கொண்டு வலியோடு நாளெல்லாம் நடக்கிறார்கள். வலி அதிகமான நாட்களில் பாராசிட்டமால் சாப்பிடலாம், டாக்டர் சொன்னால் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். மாதக் கணக்கோடு சேராமல் ஒரே இடத்தில் நிலையாக வலித்தால் மட்டும் காட்டுங்கள். சில சமயம் நெஞ்செலும்பு, தசை வலியும் மார்பு வலி மாதிரியே தெரியும்.

மகளுக்கு 19 வயது. பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிற கட்டி. ஆபரேஷன் என்றால் தழும்பு தெரியுமே, கல்யாணம் ஆக வேண்டியவள்?

அந்த வயதில் வழவழப்பாக, உருண்டையாக, விரலுக்குப் பிடிபடாமல் நகர்கிற கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கும். 15 முதல் 35 வயதுக்குள் அதிகம் வருவது. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் மிக மிக அரிது.

ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும் செய்து அதுதான் என்று உறுதியானால், 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டியை எடுக்காமலே விடலாம். 6 மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனில் அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். பல கட்டிகள் அப்படியே நின்றுவிடும், சில தானாகச் சுருங்கும். வேகமாக வளர்ந்தாலோ, வலி கொடுத்தாலோ, பெண்ணுக்கு அது பெரிய மனக்கவலையாக இருந்தாலோ எடுத்துவிடலாம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரமாகக் கீறி எடுத்தால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது.

கல்யாணத்தைப் பற்றி: இந்தக் கட்டியால் கருத்தரிப்பதற்கோ பால் கொடுப்பதற்கோ தடை வராது. மறைக்க வேண்டிய நோய் எதுவும் பெண்ணுக்கு இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று ஸ்கேன்கூட எடுக்காமல் தள்ளிப்போடும் தாய்மாரிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். கட்டி பெரிதானால் கீறலும் பெரிதாகும்.

ஸ்கேனில் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறது.

35-லிருந்து 50 வயதுக்குள் இது சகஜம். ஸ்கேனில் தெளிவான நீர் மட்டும் தெரிந்து, வலியும் இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். பெரிதாக வலித்தால் ஊசியால் நீரை உறிஞ்சுவார்கள், கட்டி அப்போதே அமுங்கிவிடும். வந்த நீரில் ரத்தம் இருந்தாலோ, உறிஞ்சிய பிறகும் கட்டி மிச்சம் இருந்தாலோ மேற்கொண்டு பரிசோதனை வேண்டும்.

பிள்ளை பெற்று மூன்று வாரம். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலும் நடுக்கமுமாக இருக்கிறது. அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது என்கிறார்கள், சரியா?

சரியில்லை. கொடுப்பதை நிறுத்தினால்தான் பால் தேங்கிச் சீழ் பிடிக்கும். மார்பில் ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் வலித்து, காய்ச்சல் அடிப்பதற்கு மாஸ்டைட்டிஸ் என்று பெயர். காம்பு வெடிப்பு வழியாகக் கிருமி போவதும் பால் சரியாக வடியாததும் சேர்ந்து இதை உண்டாக்கும். அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. வழக்கம்போலக் கொடுங்கள். பிள்ளை காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்து வாய்க்குள் வாங்குகிறதா என்று பாருங்கள். காம்பு வெடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். வெடிப்பின் மேல் உங்கள் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காய விடலாம்.

பால் கொடுத்த பிறகு குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் வீக்கம் குறையும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், பால் கொடுக்கும் தாய் தாராளமாகச் சாப்பிடலாம். எண்ணெய் தடவி ஆள் வைத்து அழுத்திப் பிழிவது வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் வீக்கம்தான் கூடும். ஒரு நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய ஆன்டிபயாடிக் தருவார்கள். பெரும்பாலும் 10 முதல் 14 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள்.

வீக்கம் ஒரே இடத்தில் திரண்டு, நடுவில் மெத்தென்று அமுங்கினால் சீழ் கோத்துவிட்டது என்று பொருள். இப்போது அதற்கும் உடனே கத்தி வைப்பதில்லை. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் உறிஞ்சுகிறார்கள், இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். சீழ் அதிகமாகித் தோல் மெலிந்துவிட்டால்தான் கீறி எடுப்பார்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டு, தோல் வெந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. புண் ஆறுவது அதனால் தள்ளித்தான் போகிறது.

மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவதையும் பலர் கேட்பார்கள். அது பாலை வற்ற வைக்கிற வழி. 1988-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், மல்லிகைப்பூ கட்டிய தாய்மாருக்கும் பால் நிற்க மாத்திரை சாப்பிட்ட தாய்மாருக்கும் பால் சுரப்பு ஒரே மாதிரிக் குறைந்திருக்கிறது. பிள்ளையை இழந்த தாய்க்கு அது உதவலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

பச்சைக் குழந்தையின் மார்பு வீங்கி, அழுத்தினால் பால் வருகிறது. பிழிந்து எடுத்துவிடச் சொல்கிறார் மாமியார்.

பிழியாதீர்கள். தாயின் ஹார்மோன் குழந்தை உடம்பில் மிச்சம் இருப்பதால் வருவது. ஆண் குழந்தை, பெண் குழந்தை இரண்டுக்கும் வரும், சில வாரத்தில் தானாக வடிந்துவிடும். பிழிந்தால் கிருமி புகுந்து சீழ் வைக்கும். மாமியாரிடம், குழந்தை டாக்டர் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொல்லுங்கள். கேட்டால் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார்.

ஆபரேஷன் செய்தும் திரும்பத் திரும்பச் சீழ் வருகிறது. பால் கொடுப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

இந்த நிலையில் இன்னொரு முறை கீறுவதற்கு முன்னால், இது என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் நாட்டில் இரண்டை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். ஒன்று மார்பில் வருகிற காசநோய். இருமல் இல்லாமலும் அது மார்பில் வரும். சதை எடுத்துப் பரிசோதித்தும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை செய்தும் கண்டுபிடிப்பார்கள். குறைந்தது 6 மாதம் மாத்திரை, அரசுத் திட்டத்தில் இலவசம்.

இன்னொன்று கிரானுலோமாட்டஸ் மாஸ்டைட்டிஸ். கடைசிப் பிரசவம் முடிந்து சில ஆண்டுகளுக்குள், 30-களில் இருக்கும் பெண்களுக்கு அதிகம் வருகிறது. கட்டி கெட்டியாகி, தோல் சிவந்து, அங்கங்கே துளை விழுந்து ஒழுகும். பார்க்கப் புற்றுநோய் மாதிரியே இருப்பதால் குடும்பமே நடுங்கிப்போகும். இது புற்றுநோய் இல்லை, மற்றவர்களுக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால் ஆறுவதற்கு மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை டாக்டர் அளவு பார்த்துக் கூட்டிக் குறைத்துத் தருவார். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு வேறு. காசநோய் இருக்கும்போது அதற்கு மருந்து எடுக்காமல் ஸ்டீராய்டு மட்டும் சாப்பிட்டால் நோய் பரவிவிடும். அதனால் சதைப் பரிசோதனை இல்லாமல் எந்த மருந்தையும் ஆரம்பிக்கக் கூடாது.

காம்பில் நீர் வருகிறது.

அழுத்தினால் மட்டும், இரண்டு பக்கமும், பல துவாரங்களில் பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால் பெரும்பாலும் பயமில்லை. அழுத்திப் பார்ப்பதை விட்டுவிடுங்கள், பலருக்கு அதிலேயே நின்றுபோகும். தானாகவே, ஒரு பக்கத்தில், ஒரே துவாரத்தில், ரத்தமாகவோ தண்ணீராகவோ வந்தால் காட்ட வேண்டும். குழாய்க்குள் வளரும் சிறு மரு மாதிரியான சதைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும், ஆனாலும் பார்த்துவிட வேண்டும். பிள்ளைக்குக் கொடுக்காதபோதும் பாலாகவே வந்தால் கர்ப்பமா, தைராய்டா, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மனநோய்க்கான சில மாத்திரைகள்கூட இதைச் செய்யும். சாப்பிடும் மருந்தையெல்லாம் கையோடு கொண்டுபோங்கள்.

பிள்ளை தலையால் முட்டியதில் கட்டி வந்துவிட்டது. அடி பட்டால் புற்றுநோய் வருமா?

வராது. அடி பட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டி மாதிரி நிற்பது உண்டு. ஆனால் பல சமயம் கட்டி முன்பே இருந்திருக்கும், அடி பட்டபோது தொட்டுப் பார்த்ததால் தெரிய வந்திருக்கும். அடியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

எங்கே போவது? எந்த டாக்டரைப் பார்ப்பது?

மார்பு என்றால் மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும் என்று நினைத்து, அந்த வரிசையில் பாதி நாள் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய. மார்புக் கட்டியைப் பார்ப்பது பொது அறுவை சிகிச்சைப் பிரிவு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நம்ம பெரியாஸ்பத்திரியில்தான், ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் "மார்பில் கட்டி, சர்ஜரி ஓ.பி." என்று சொன்னால் போதும். காலையிலேயே போய்விடுங்கள். மலையில் இருப்பவர்கள் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டிக் கடிதம் வாங்கிக்கொண்டு இறங்கினால் அலைச்சல் குறையும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த பிறகு சீட்டு இல்லை, கார்டு இல்லை என்று திரும்பிப்போவது கொடுமை. ஆதார், குடும்ப அட்டை, பழைய ஸ்கேன் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

ஆண் டாக்டர் பார்ப்பதாக இருந்தால், ஒரு செவிலியரோ உங்களோடு வந்த பெண்ணோ பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது உங்கள் உரிமை, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பரிசோதனை மூன்று படியாக நடக்கும். முதலில் டாக்டர் இரண்டு மார்பையும் அக்குளையும் கையால் பார்ப்பார். அடுத்து படம். 40 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதற்கு மேல் மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயும் சேரும். மேமோகிராமில் மார்பைத் தட்டையாக அழுத்தும்போது சில நொடி வலிக்கும், அவ்வளவுதான். மூன்றாவது ஊசிப் பரிசோதனை. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத் துளி சதை எடுப்பார்கள். மூன்றின் முடிவும் ஒத்துப்போனால்தான் நோய் இன்னது என்று முடிவு செய்வார்கள்.

ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். பழம் பறிக்கிற சீசனில் ஒரு நாள் கூலி போகுமே என்று பல பெண்கள் அந்த இரண்டாவது முறை வருவதில்லை. தயவுசெய்து வந்துவிடுங்கள். எடுத்த சதைக்குப் பதில் தெரியாமல் இருப்பதும் பரிசோதனையே செய்யாமல் இருப்பதும் ஒன்றுதான்.

ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 3 என்று இருக்கிறது. மூன்றாம் ஸ்டேஜா?

இல்லவே இல்லை. இந்த ஒரு எண்ணைப் பார்த்து அழுதுகொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்தவர் தன் சந்தேகத்தின் அளவைக் குறிக்கிற எண். 1 என்றால் எதுவும் இல்லை, 2 என்றால் சாதாரணக் கட்டி. 3 என்றால் புற்றுநோயாக இருக்க 100-க்கு 2-க்கும் குறைவான வாய்ப்பு, 6 மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க வேண்டும். 4, 5 வந்தால் சதைப் பரிசோதனை கட்டாயம். 0 என்றால் இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஊசி குத்தினால் கட்டி உடைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. உலகம் முழுவதும் இந்தப் பரிசோதனை செய்துதான் சிகிச்சை ஆரம்பிக்கிறார்கள். பயந்துகொண்டு காலம் கடத்தும்போதுதான் நோய் பரவுகிறது.

புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். மார்பையே எடுத்துவிட வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். கட்டி சிறிதாக இருந்தால் கட்டியையும் சுற்றியுள்ள கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு ரேடியேஷன், அதாவது நம் ஊர்ப் பேச்சில் கரண்ட், வைக்கலாம். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் 2002-இல் வெளிவந்தன. மார்பு முழுவதையும் எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ, அதாவது புற்றுநோயை அழிக்கும் மருந்து, கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்வதும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

கரண்ட் என்றதும் ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறார்கள். படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வாரத்தில் 5 நாள், மூன்று முதல் ஐந்து வாரம் போக வேண்டும். தோல் கொஞ்சம் கருக்கும். கீமோவில் முடி கொட்டும், முடிந்த பிறகு திரும்ப முளைக்கும். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும், காலை வரை பொறுக்கக் கூடாது. சதைப் பரிசோதனையில் ஹார்மோன் ஏற்பி இருப்பதாக, அதாவது ஹார்மோனால் வளர்கிற கட்டி என்று, வந்தால் டாமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம். கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் அதிகம் என்று, அதாவது பாசிட்டிவாக, வந்தால் அதற்கென்று தனி ஊசி இருக்கிறது.

செலவை நினைத்துச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கார்டு இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம்.

ஒன்றும் இல்லாதவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டுமா? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை.

பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான். வருகிற பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இருந்ததில்லை. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் இன்னும் கவனமாக இருங்கள்.

30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பைக் கையால் பரிசோதிப்பார்கள். இதனால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு மும்பை ஆய்வைச் சொல்வேன். 1998-இல் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வெறும் கையால் பரிசோதித்ததிலேயே, 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

வீட்டில், மாதவிலக்கு தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள் ஒரு நாள், கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். சோப்புக் கையோடு மூன்று விரலின் உட்பகுதியால் வட்டமாக அழுத்தி, கழுத்தெலும்பிலிருந்து மார்பின் கீழ்ப்பகுதி வரை, அக்குளையும் சேர்த்துத் தடவுங்கள். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

பையனுக்கு 14 வயது, மார்பு வீங்கியிருக்கிறது.

வயசுக்கு வரும்போது நிறையப் பையன்களுக்கு வருவது. ஒன்று, இரண்டு வருஷத்தில் அடங்கிவிடும். கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஆண்களுக்குச் சில மாத்திரைகளாலும், குடியால் ஈரல் கெடுவதாலும் வரும். காம்புக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தால் காட்ட வேண்டும், ஆண்களுக்கும் அரிதாக மார்பகப் புற்றுநோய் வருகிறது.

ஆபரேஷன் முடிந்தது. மறுபடி தறிக்கும் தோட்டத்துக்கும் போகலாமா? கை வீங்குமா?

போகலாம், கொஞ்சம் கொஞ்சமாக. அக்குள் நெறிகளை எடுத்ததால் சிலருக்கு அந்தப் பக்கக் கை வீங்கும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து சுவரில் விரலை வைத்து மேலே ஏற்றிப் பழகுங்கள், தோள் இறுகாது. தறியில் இருப்பவர்கள் நடுநடுவே நிறுத்திக் கையை உயர்த்தி மடக்கி நீட்டுங்கள். தோட்டத்தில் கவாத்து, மிளகு, முள் வேலைக்கு அந்தக் கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். கூடையை அந்தத் தோளில் மாட்ட வேண்டாம். ரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் முடிந்தவரை மறு கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னக் கீறல் ஆனாலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது தொற்று. அன்றைக்கே ஆன்டிபயாடிக் ஆரம்பிக்க வேண்டும், வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்.